நீல சிலிண்டரும் என் கால்களும்

சரவணா,

போன ஞாயிற்றுக்கிழமை ஹெப்பகோடியில் நீயும் உன் நண்பர்களும் எடுத்திருக்கிற வீட்டுக்கு வந்தேன், டீ குடித்தேன், அரைமணி நேரத்தில் "சரிப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிட்டேன். "லிங்கராஜபுரத்துலேர்ந்து இவ்வளவு தூரம் வந்துட்டு உடனே போறீங்களேப்பா" என்று நீ வாசல் வரை வந்து கேட்டாய். பஸ்ஸுக்கு நேரம் ஒன்றும் ஆகவில்லை. பட்டப்பகல் மூன்று மணி. இன்னும் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் உன் நண்பர்கள் முன்னால் கத்திவிடுவேன், இல்லையென்றால் அழுதுவிடுவேன் என்று பயந்துதான் எழுந்தேன். நீ சம்பாதிக்க ஆரம்பித்து நாலு மாசம்கூட ஆகவில்லை, முதன்முதலாகத் தனியாக வீடு பார்த்துக்கொண்டு போயிருக்கிறாய், அந்த வீட்டுக்கு முதல்முறை வந்த அப்பா ரகளை செய்தான் என்று ஆகக்கூடாது. அதனால் வாயை மூடிக்கொண்டு வந்தேன். வாயை மூடிக்கொண்டு வந்தது தப்பு என்று பஸ் சில்க் போர்டு தாண்டுவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருப்பதில் எனக்குப் பழைய அனுபவம் உண்டு. அதைத்தான் உனக்கு எழுதப்போகிறேன்.

அம்மா கொடுத்தனுப்பிய தோசைக்கல்லை வைக்கச் சமையலறைக்குப் போனேன். சிங்க்குக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பக்கெட். அதில் பாதிக்கு மேல் சின்னச் சின்ன இரும்புக் குப்பிகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. அவற்றின்மேல் கிழிந்த பலூன்கள். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். நீ பின்னாலேயே வந்து சிரித்தாய். "அது விவேக்கோடதுப்பா. ஓட்டல்ல கேக் செக்ஷன்ல இருக்கான்ல, க்ரீம் அடிக்கிற மெஷின்ல போடுறது. எடுத்துட்டு வருவான். பலூன்ல பிடிச்சு இழுத்தா ஒரு நிமிஷம் ஜாலியா இருக்கும், அவ்வளவுதான். உங்க ஃபேக்டரி கேஸ்தாம்ப்பா இது! ஆஸ்பத்திரியிலேயே குடுக்கிறாங்க, ஒண்ணும் ஆகாது." என்னிடம் எதையும் மறைக்காமல், ஏதோ எனக்கே பெருமையான விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னாய். நானும் சிரித்து வைத்தேன். அப்போதுதான் விவேக் உள்ளே இருந்து வந்தான். "வணக்கம் அங்கிள்" என்று சொல்லிவிட்டு பால்கனிப் பக்கம் நடந்தான். பாதி வழியில் அவனுடைய இடதுகால் செருப்பு கழன்று தரையில் நின்றுவிட்டது. அவன் நிற்கவில்லை. ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறும் பாதமுமாகப் போய்க்கொண்டே இருந்தான். "டேய், செருப்பு!" என்று நீங்கள் எல்லோரும் சிரித்த பிறகுதான் குனிந்து பார்த்தான். "ரெண்டு வாரமா கால் மரத்தேபோச்சு அங்கிள். நின்னே வேலை செய்யறோம்ல, அதான்" என்றான்.

நின்று வேலை செய்வதால் வந்தது இல்லை அது. என் செருப்பும் ஒருநாள் அப்படித்தான் எனக்குத் தெரியாமல் கழன்றது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "இப்பவாவது அவன்கிட்ட நடந்ததைச் சொல்லிடுங்க. போன்ல வேணாம். நடுவுல அவன் ஏதாவது கேப்பான், நீங்க பேச்சை மாத்திடுவீங்க. எழுதிக் குடுங்க" என்றாள். அவளுக்கு என்னைத் தெரியும். உனக்குத் தெரிந்த கதை, நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது நாம் இரண்டு பேரும் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தோம், அதில் அப்பாவுக்கு முதுகு நரம்பு அடிபட்டது, அதனால்தான் இன்றைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார் என்பது. நாங்கள் உனக்குச் சொல்லி வளர்த்தது அது. உண்மை தலைகீழ். நரம்பு முதலில் கெட்டது. அதனால்தான் ஸ்கூட்டர் விழுந்தது.

குடியாத்தத்தில் ஐ.டி.ஐ. முடித்து, கொஞ்ச நாள் அங்கும் இங்கும் இருந்துவிட்டு, தொண்ணூற்றொன்றில் பீன்யாவில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். உனக்கு அப்போது நாலு வயது. ஆஸ்பத்திரிகளுக்கு வாயு நிரப்பிக் கொடுக்கிற பிளாண்ட். ஆக்சிஜன் வெளியிலிருந்து வந்தது. நைட்ரஸ் ஆக்சைடை நாங்களே தயாரித்தோம். உப்பு மாதிரி வெள்ளையாக ஒரு பொருள், அதை உருக்கிச் சூடாக்கினால் வாயு பிரியும். தண்ணீரில் கழுவி, அழுத்தி, சிலிண்டரில் ஏற்றுவோம். நீல சிலிண்டர் என்றால் நைட்ரஸ். கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து என்றால் ஆக்சிஜன். அந்த வேலையில் எனக்குப் பெருமை உண்டு, இன்றைக்கும் உண்டு. உன் அம்மாவுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்த அன்றைக்கு தியேட்டர் வாசலில் எங்கள் பிளாண்ட் சிலிண்டர் நின்றதைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சே வந்தது. நான் நிரப்பியதாக இருக்கும், சரியாகத்தான் நிரப்பியிருப்பேன் என்று நினைத்தேன். ஆக, அந்த வாயு கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. டாக்டர் பக்கத்தில் நின்று, ஆக்சிஜனோடு கலந்து, நாடியைப் பார்த்துக்கொண்டே, வேண்டிய நேரத்துக்கு மட்டும் கொடுக்கிற மருந்து அது. "ஆஸ்பத்திரியிலேயே குடுக்கிறாங்க" என்று நீ சொன்னாயே, அந்த ஒரே வாக்கியத்தை நானும் ஆறு மாசம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

என்னோடு ஃபில்லிங் செக்ஷனில் மஞ்சுநாத் என்று ஒருவன் இருந்தான். உனக்கு நினைவிருக்கும், யுகாதிக்கு ஒப்பட்டு, நம் போளிதான், கொண்டுவருவானே, அந்த மஞ்சு அங்கிள். தும்கூர்ப் பக்கத்துக்காரன், வாய் ஓயாதவன், அவன் இருக்கிற இடத்தில் யாருக்கும் அலுப்புத் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருகிற சிலிண்டரில் கொஞ்சம் வாயு மிச்சம் இருக்கும். நிரப்புவதற்கு முன்னால் அதை வெளியே விட்டுவிட வேண்டும். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவன் ஃபுட்பாலுக்குள் காற்றடைக்கிற ஒரு ரப்பர் பிளாடரை எடுத்துவந்து அதில் அந்த மிச்சத்தைப் பிடித்தான். "ஒந்து சலா நோடு குரு" என்றான், ஒரே ஒரு தடவை பார் என்று. "ஏனூ ஆகல்ல." ஒன்றும் ஆகாது. துக்கத்தில் ஆரம்பித்தேன், கஷ்டத்தில் ஆரம்பித்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. சம்பளம் வந்துகொண்டிருந்தது, வீட்டில் சண்டை இல்லை, நீ நன்றாகப் படித்துக்கொண்டிருந்தாய். சும்மா ஆரம்பித்தேன். மத்தியான வெயிலில், கம்ப்ரஸர் சத்தத்தில், அரைமணி நேரம் சும்மா இருந்த இடைவெளியில்.

அது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. மெஷின் சத்தமெல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விடும், நம் சிரிப்பு பக்கத்து வீட்டுக்காரன் சிரிப்பு மாதிரி நமக்கே கேட்கும், ஒரு நிமிஷத்தில் எல்லாம் பழையபடி. அந்த "பழையபடி"தான் என்னை ஏமாற்றியது. குடித்துவிட்டு வந்தவனை வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். இதில் வாசனை கிடையாது, தள்ளாட்டம் கிடையாது, மறுநாள் தலைவலிகூடக் கிடையாது. ஐந்து நிமிஷம் கழித்து நான் வால்வு திருகிக்கொண்டிருப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து உனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பேன். ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியத்தில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்றிருந்தது, டீ நேரத்துக்கு ஒன்று, கிளம்புமுன் ஒன்று என்று ஆனது. பிறகு ஒன்று ஒன்றாக எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

முதலில் கால்விரல்கள் மரத்தன. சேஃப்டி ஷூ இறுக்கம் என்று நினைத்து ஒரு சைஸ் பெரியது வாங்கினேன். பிறகு பஞ்சு மெத்தைமேல் நடப்பது போல இருந்தது. ஒருநாள் காலையில் முகம் கழுவ சோப்பு போட்டுக் கண்ணை மூடினேன், அப்படியே சாய்ந்து சுவரில் போய் மோதினேன். கண்ணைத் திறந்தால் நிற்க முடிந்தது, மூடினால் முடியவில்லை. ஷூ லேஸ் கட்டத் தலையைக் குனிந்தால் பிடரியிலிருந்து கால் வரைக்கும் கரண்ட் அடித்தது போல ஒரு இழுப்பு. சட்டை பட்டன் போட ஐந்து நிமிஷம் ஆனது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: ஒண்ணுக்கு வந்தால் அடக்க முடியவில்லை, பஸ்ஸில் போகப் பயந்துதான் தினமும் ஸ்கூட்டரில் போனேன். இவ்வளவும் நடந்தும் எனக்கு அந்த பிளாடர்மேல் சந்தேகமே வரவில்லை. ஏனென்றால் மஞ்சுநாத்தும் அதே அளவு இழுத்தான், அவன் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டிருந்தான். சந்தேகம் வரவில்லை என்பதுகூட முழு உண்மை இல்லை. வராமல் பார்த்துக்கொண்டேன்.

உன் பள்ளிக்கூட விளையாட்டு விழா ஞாபகம் இருக்கிறதா? அப்பாக்களுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கோட்டில் நிறுத்தினாய். விசில் அடித்ததும் நாலு அடி வைத்திருப்பேன். கால் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. முகம் குப்புற மண்ணில் விழுந்தேன். கூட்டம் சிரித்தது. உன் கண்ணில் தண்ணீர் நின்றது. வீட்டுக்கு வரும் வழியில் "ஏம்பா விழுந்தீங்க?" என்று நீ மூன்றாவது தடவை கேட்டபோது உன்னை அறைந்தேன். நான் உன்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. அது கோபத்தில் அடித்த அடி இல்லை, பயத்தில் அடித்தது. அதற்கு உன்னிடம் இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு மாசம்கூட இருக்காது. சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம். உன்னைக் கூட்டிக்கொண்டு பானஸ்வாடிப் பக்கம் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். முன்னால் ஒரு டெம்போ நின்றது. பிரேக்கை மிதித்தேன். மிதித்தேன் என்றுதான் நினைத்தேன். வலதுகால் பிரேக்கின்மேல் இருக்கவே இல்லை; பக்கத்தில் வெறும் தகட்டை மிதித்துக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியவில்லை. குனிந்து காலைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது டெம்போ பக்கத்தில் வந்துவிட்டது. வண்டியை ஒடித்தேன், இரண்டு பேரும் ரோட்டில் கிடந்தோம். உன் இடதுகை முழங்கைக்கு மேலே முறிந்து தொங்கியது. நீ சத்தம் போட்டு அழக்கூட இல்லை, "அப்பா, கை வேற மாதிரி இருக்குப்பா" என்றாய். நாய் குறுக்கே வந்துவிட்டது என்று ஓடி வந்தவர்களிடம் சொன்னேன். உன் அம்மாவிடமும் அதையே சொன்னேன். கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்த உன்னிடமும் சொன்னேன். பன்னிரண்டு வருஷமாக நீ அந்த நாயை நம்பிக்கொண்டிருக்கிறாய். குறுக்கே எந்த நாயும் வரவில்லை சரவணா. உன் கை இன்றைக்கும் முழுசாக நீளாமல் இருக்கிறதே, அதற்குக் காரணம் நான்.

அப்போதுதான் டாக்டரிடம் போனேன். முதலில் ஒருவர் முதுகுத்தண்டு என்றார், இன்னொருவர் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். சர்க்கரை இல்லை. கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் ஒரு அம்மா பார்த்தார். இரண்டு காலையும் சேர்த்து நிற்கவைத்து, "கண்ணை மூடுங்க" என்றார். மூடினேன், சாய்ந்தேன், அவரே பிடித்துக்கொண்டார். அதிரும் ஒரு இரும்புக் கவையைக் கணுக்காலில் வைத்து "தெரியுதா?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "சைவமா?" என்று கேட்டார். ஆமாம், முட்டைகூட வீட்டுக்குள் வராது என்றேன். "என்ன வேலை பார்க்கிறீங்க?" "கேஸ் கம்பெனி, மேடம்." "என்ன கேஸ்?" அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். "ஆக்சிஜன், மேடம்" என்றேன். வேலை போய்விடும் என்ற பயம். அவர் நல்லெண்ணத்தோடு பி-12 குறைவு என்று எழுதி ஊசி போடச் சொன்னார். ஊசி போட்டுக்கொண்டே பிளாடரையும் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாசம். ஊசி ஒரு பக்கம் ஊற்றியதை வாயு இன்னொரு பக்கம் ஓட்டையாக்கிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால் அந்த அம்மாவே சொல்லியிருப்பார்.

அதற்குள் மஞ்சுநாத்துக்கு பிளாடர் பற்றாமல் போய்விட்டது. ஒருநாள் பகல் சாப்பாட்டு மணி அடித்தும் அவன் வரவில்லை. தேடிப் போனேன். சிலிண்டருக்குப் பெயிண்ட் அடிக்கிற ரூம் கதவு சாத்தியிருந்தது. தள்ளித் திறந்தால் தரையில் கிடக்கிறான். குழாய் வாய் பக்கத்தில் சீறிக்கொண்டிருக்கிறது, ஜன்னலும் சாத்தியிருக்கிறது. உதடெல்லாம் வெளுத்துக் கொப்பளித்திருந்தது. அழுத்தத்திலிருந்து வெளியே வருகிற வாயு பனிக்கட்டியைவிடக் குளிர், பட்ட இடத்தைப் பொசுக்கிவிடும். முகம் நீலம் பாரித்திருந்தது. அந்த ரூமில் அவனுக்கு மூச்சுவிடக் காற்றே இல்லை. இதில் மூச்சு முட்டுவது தெரியாது, இருமல் வராது, தப்பித்து ஓடத் தோன்றாது. சிரித்துக்கொண்டே போய்விடலாம். வால்வை மூடிவிட்டு அவன் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தேன். என் கால்கள் மடிந்து அவன்மேலேயே விழுந்தேன். மறுபடி எழுந்து இழுத்தேன், மறுபடி விழுந்தேன். ஒரு மனுஷனை ஆறடி தூரம் வாசலுக்கு இழுக்க என்னால் முடியவில்லை. அங்கே உட்கார்ந்து கத்தினேன். லோடிங் ஆட்கள் ஓடி வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போய் வெளியில் போட்டு, எங்கள் கறுப்பு சிலிண்டரிலிருந்தே ஆக்சிஜன் வைத்தார்கள். முதல் மூச்சு அவன் இழுத்தபோது ஒரு சத்தம் வந்தது, அது மாதிரி ஒரு நல்ல சத்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

நாலு நாள் கழித்து, உதட்டில் மருந்தோடு, மஞ்சுநாத் நம் வீட்டுக்கு வந்தான். நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது அவன் உன் அம்மா முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். அத்திகே, அதாவது அண்ணி, என்றுதான் அவளைக் கூப்பிடுவான். "அத்திகே, நான்தான் பழக்கினேன். எனக்கு மூச்சு நின்னுச்சு, சரி, திரும்ப வந்துடுச்சு. இவனுக்குக் கால் போயிட்டே இருக்கு. இவன் உங்ககிட்ட சொல்லமாட்டான். டாக்டர்கிட்டயும் சொல்லல. அதான் நான் சொல்லிட்டேன். என்னைத் திட்டுங்க" என்றான். எனக்கு அவனை அடிக்கத் தோன்றியது. காட்டிக்கொடுத்துவிட்டானே என்று. சரவணா, என் வாழ்க்கையில் எனக்கு யாராவது செய்த பெரிய உதவி எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். அம்மா அவனைத் திட்டவில்லை. காபி போட்டுக் கொடுத்து அனுப்பினாள். பிறகு என்னிடம் ஒரே கேள்வி கேட்டாள்: "அப்ப, நாய் வரலையா?" நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் உள்ளே போய் உன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் என்னை ஆட்டோவில் ஏற்றி அதே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், நான் வாயைத் திறக்கும் முன்னால், "ஆக்சிஜன் இல்ல மேடம். நைட்ரஸ் ஆக்சைடு. தினமும் இழுத்திருக்கார்" என்றாள்.

அந்த டாக்டர் கோபப்படவில்லை, பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். வயர்மேல் ரப்பர் உறை இருப்பது போல நரம்புமேலும் ஒரு உறை இருக்கிறது. அது கெடாமல் இருக்க பி-12 வேண்டும். இந்த வாயு உடம்பில் இருக்கிற பி-12ஐ வேலைக்கு ஆகாததாக ஆக்கிவிடும். ரத்தத்தில் இருக்கும், ஆனால் பயன்படாது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கையிருப்பே குறைவு, அதனால் சீக்கிரம் அடிபடுவார்கள். மாமிசம் சாப்பிடுகிறவனுக்கும் வரும், கொஞ்சம் தாமதமாக. "இன்னியோட நிறுத்தினா ஊசி வேலை செய்யும். நிறுத்தலைன்னா நான் எத்தனை ஊசி போட்டும் பிரயோஜனம் இல்லை. இன்னும் மூணு மாசம் விட்டிருந்தீங்கன்னா வீல்சேர்தான்" என்றார். அன்றோடு நிறுத்தினேன். முதலில் தினமும் ஊசி, பிறகு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாசத்துக்கு ஒன்று. ஹாலில் சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா எண்ண எண்ண நடந்தேன். கட்டுப் பிரித்த கையோடு நீயும் கூடவே நடந்து, "அப்பா, இன்னைக்கு இருவது அடி" என்று கத்துவாய். முதல் மாற்றம் தெரியவே ஆறு வாரம் ஆனது. ஒரு வருஷத்தில் பிடி இல்லாமல் நடந்தேன். பட்டன் போட முடிந்தது. கரண்ட் அடிப்பது நின்றது. பாதம் மட்டும் முழுசாகத் திரும்பி வரவில்லை, இனி வராது. வெந்நீரில் கால் வைத்தால் சூடு எனக்குத் தெரியாது, இருட்டில் விளக்கு இல்லாமல் நடக்க முடியாது. மேனேஜரிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். வேலை போகும் என்று தயாராகத்தான் போனேன்.  அவர் என்னை லாரிகள் கிளம்புகிற டிஸ்பாட்ச் கேட்டுக்கு மாற்றினார், மிச்ச வாயு திறக்கிற இடத்தில் இரண்டு பேர் இல்லாமல் யாரும் நிற்கக்கூடாது என்று போட்டார். மஞ்சுநாத் ஊருக்குப் போய் டிராக்டர் ஓட்டுகிறான். நன்றாக இருக்கிறான்.

இப்போது உன் விஷயம். நீ எத்தனை பலூன் இழுத்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை. இனி வேண்டாம், அவ்வளவுதான். கொஞ்சமாக இழுக்கிறேன், பி-12 மாத்திரை போட்டுக்கொண்டு இழுக்கிறேன் என்ற கணக்கெல்லாம் என்னிடம் வேண்டாம். ஊசியே போட்டுக்கொண்டு இழுத்தவன் நான். நீயும் முட்டை தொடாதவன். என் உடம்பில் நடந்தது உன் உடம்பில் நடக்க நாள் பிடிக்காது. கடையில் வாங்குகிற க்ரீம் சாமான்தானே, போலீஸ் பிடிக்கிற பொருள் இல்லையே என்று சொல்வாய். சட்டம் உன் கால் நரம்பைப் பார்த்துக்கொண்டிருக்காது. கால் கை மரத்தாலோ, தலை குனிந்தால் கரண்ட் அடித்தாலோ, அன்றைக்கே டாக்டரிடம் போ, வாயுவின் பெயரை முதல் வார்த்தையாகச் சொல். என்னைப் போல ஆக்சிஜன் என்று சொல்லாதே. உனக்கு நான் கொடுக்க முடிந்த புத்தி இவ்வளவுதான், மிச்சத்தையெல்லாம் நீயாகவே நன்றாகத்தான் செய்கிறாய். உன்னைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. படித்ததும் நிறுத்திவிடுவாய் என்று தெரியும்.

என் அவசரம் விவேக்குக்காக. அவன் சிரிப்பான், கேக் செக்ஷனில் நின்றதால் என்பான், அடுத்த வாரம் பார்க்கலாம் என்பான். நானும் சொன்னேன். அவன் அம்மா அப்பா திருநெல்வேலியில் இருக்கிறார்கள் என்றாய். இங்கே அவனுக்கு உன்னை விட்டால் யார்? டாக்டரிடம் கூட்டிக்கொண்டு வந்து வாயுவின் பெயரைச் சொல்ல வேண்டியது நீதான். நண்பனைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று உனக்கு உறுத்தும். உறுத்தட்டும். அவன் உன்மேல் கோபப்பட்டால் ஒரு மாசம் பேசாமல் இருப்பான். அவனுக்கு ரெண்டு வாரம்தான் ஆகியிருக்கிறது, நான் அரை வருஷம் விட்டேன். அவன் முழுசாகத் திரும்பி வர இன்னும் நேரம் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. நானே கொண்டுவந்து உன் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். ஜன்னலைத் திறந்து பார். தெருமுனையில் ஒரு ஆட்டோ நிற்கிறதா? உள்ளே நானும் அம்மாவும் இருக்கிறோம். விவேக்கைக் காட்ட நரம்பு டாக்டரிடம் பதினோரு மணிக்கு நேரம் வாங்கியாகிவிட்டது. அவனுக்குச் சட்டை பட்டன் போடக் கஷ்டமாக இருந்தால் நீ போட்டுவிடு. படியில் இறங்கும்போது அவன் கையைப் பிடித்துக்கொள். இரண்டு பேரும் வாருங்கள்.

கீழே காத்திருக்கும்,
அப்பா